காருக்குக் கேட்கக் கூடாது

கொழும்பில் இவரைவிட எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதர் ஒருவர் இருந்தால், அவர் இவ்வளவு நாளும் உயிரோடு இருக்க நியாயமில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைத்தான் சொல்கிறேன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் 'முடிஞ்சிருச்சு பாஸ்'. இங்கே மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாருமே பாஸ்தான். முன்னால் உள்ள பட்டம் மட்டும் அவராகச் சம்பாதித்தது.

எந்த வாகனத்தின் பொனட்டைத் திறந்தாலும் அவர் கண்டுபிடிப்பது அதன் மரணத்தைத்தான். டயருக்குக் காற்றடிக்கப் போனவரிடம், "வேற வாகனம் ஏதும் இருக்கா?" என்று கேட்டவர். ஃபேன் பெல்ட் தேய்ந்த செய்தியைச் சொல்வதற்கு முன் ஒரு கடை முதலாளியைக் கதிரையில் இருத்தி, நெஞ்சு வருத்தம் ஏதும் உண்டா என்று விசாரித்தவர்.

இதில் ஒரு மரியாதை வேறு. கெட்ட செய்தியைக் காருக்கு முன்னால் சொல்லமாட்டார். "தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க" என்று எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போவார். பால் விடாத பிளேன்டி இரண்டு வரும். செத்த வீட்டில் கொடுப்பதுபோல அவரே சீனி போட்டுக் கலக்கிக் கையில் தருவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முடிஞ்சிருச்சு" என்பார்.

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே பாஸ்?"

"அதுக்குக் கேக்கக் கூடாது தம்பி. மனசு விட்டுரும். அப்புறம் என்ன செஞ்சாலும் எந்திரிக்காது."

இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிவந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தச் செத்த காரை எப்படியாவது ஓடவைத்துவிடுவார். அதனால்தான் அவரைத் திட்டித் திட்டியே எல்லாரும் அவரிடம் போனோம்.

எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. புதுக் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. ஓட்டைக் காரும் தங்க விலை. என் அக்கா புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தா. மருந்து ஏற்றிய பிறகு த்ரீவீலரின் குலுக்கலை அவவால் தாங்க முடியாது. ஃபோனில் கூப்பிட்டால் வரும் டாக்சிக்காரரோ, வாயில் பையைப் பிடித்தபடி ஒரு பெண் வருவதைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பார். எங்கள் பழைய காரின் பின்சீற்றில் சுருண்டு படுத்தால்தான் அவ ஒழுங்காக வீடு வந்து சேருவா. அந்தக் கார்தான் நடுவழியில் கொதிக்கத் தொடங்கியது.

முதல் தரம் நுகேகொடையில். வெப்ப ஊசி சிவப்பைத் தொட்டது, பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கூலன்ட் போத்தல் காய்ந்து கிடந்தது. "என்னைவிட அதுக்குக் காய்ச்சல் கூட" என்றா அக்கா, கண்ணைத் திறக்காமலே.

பாஸ் காரின் கீழே காட்போட் மட்டையை விரித்து, ஸ்டூலில் குந்தியிருந்து, சொட்டு விழுமா என்று தவம் கிடந்தார். பிறகு தேத்தண்ணிக் கடை. "ரேடியேட்டர் முடிஞ்சிருச்சு." கடைசியில் கசிந்தது ஹோஸின் கிளிப். அடுத்த மாதம், "பம்ப் முடிஞ்சிருச்சு." இந்த முறை உண்மைதான், பம்பின் அடியில் பச்சைக் கறை இருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகள் எல்லாம் அலைந்து ஒன்று வாங்கிப் பூட்டினோம். அதற்குப் பிறகும் கூலன்ட் குறைந்தது. மட்டையில் ஒரு சொட்டும் இல்லை. பாஸ் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சருக்குப் பின்னால் குனிந்து வெள்ளைப் புகையை மோந்து பார்த்தார். பிளேன்டிக்கு அன்றைக்கு மூன்று கரண்டி சீனி போட்டார்.

"வெளிய ஒழுகினா மட்டை காட்டிக் குடுத்துரும் தம்பி. இது எஞ்சினே உள்ளுக்குள்ள குடிக்குது. ஹெட் கேஸ்கட் முடிஞ்சிருச்சு."

எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினால் கார் நாள்கணக்கில் படுத்துவிடும், அக்காவுக்கு மருந்து முடியட்டும் என்றேன். அன்றிலிருந்து மஹரகமை போகும் காலைகளில் பாஸ் வாசலுக்கே வந்து கூலன்ட் நிரப்பி, வழியில் ஊற்றத் தண்ணீர்ப் போத்தல்களும் வைத்து, என்னை மதிலுக்கு அந்தப்பக்கம் இழுத்துப்போய், "இன்னைக்கித் திரும்பி வராது" என்று வாழ்த்தி அனுப்புவார்.

"பாஸ் என்னவாம்?" என்று அக்கா கேட்பா.

"முடிஞ்சுதாம்."

"அப்ப வடிவா ஓடும். எடு காரை."

ஒருநாள் டாக்டர் என்னை மட்டும் கொரிடோருக்குக் கூப்பிட்டார். இனி மருந்து ஏற்றுவதில் பிரயோசனமில்லை என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"என்னடா, தேத்தண்ணிக் கடையோ?"

அவவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின்சீற்றில் படுக்கவைத்தேன்.

அன்றைக்கும் கார் கொதித்தது. நேரே கராஜுக்கு விட்டேன். பாஸ் பொனட்டைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பின்சீற்றில் கிடந்த அக்காவைப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் தேத்தண்ணிக் கடைக்கு றோட்டைக் கடந்துவிட்டேன். அவர் வரவில்லை. பொனட்டை அடித்துச் சாத்தி, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சத்தம்போட்டுச் சொன்னார்:

"ஒண்ணுமே இல்ல! நல்லா இருக்கு! இன்னும் எத்தனையோ வருசம் ஓடும்!"

இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருகிறதென்றால், இனி ஒரு வழியும் இல்லை என்றுதானே அர்த்தம்.

அக்கா மெல்ல எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தா. "பாஸ், உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

பாஸ் தடுமாறிப்போய்க் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைக்க, முகம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அதைக் கண்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவ அப்படிச் சிரித்ததை நான் பிறகு காணவில்லை.

அக்கா போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு பாஸ் ஹெட்டைக் கழற்றி கேஸ்கட்டை மாற்றினார். கார் இன்னும் ஓடுகிறது. போன கிழமை பிரேக்கில் ஏதோ கீச்சிடுகிறது என்று கொண்டுபோனேன். குனிந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய்ச் சீனி கலக்கித் தந்தார்.

"முடிஞ்சிருச்சு தம்பி."

அப்பாடா என்றிருந்தது. பாஸ் நூறு வருஷம் இருந்து எனக்கு இதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.