அளந்து விட்ட பாடம்

நேற்று எனக்கு இருந்தது ஒரே வேலை. பக்கத்து வீட்டு செல்விக்குப் பதிலாக ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வர வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, நைனார்பாளையம் பக்கம் ஒரு ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் செல்வி. நேற்று பார்த்து அவளுக்கு ஜுரம். நேற்று பார்த்து அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார்.

"வகுப்புல ஆளில்லேன்னா மையத்தையே மூடிடுவாங்கக்கா. நாலு மணிக்கு வருவாரு. இன்னிக்கு கத்துக்கப் போறது இன்னான்னு ஆரம்பத்துலயே தெளிவா சொல்லிடுங்க. அதைத்தான் மொதல்ல கேப்பாரு."

யாரிடம் வந்து தெளிவைப் பற்றிப் பேசுகிறாள்! நான் கான்வென்ட்டில் படித்தவள். பாடத்தின் நோக்கத்தைப் போர்டில் எழுதிக் கோடு போடாமல் எங்கள் சிஸ்டர் வாயையே திறக்க மாட்டார்.

போனேன். நூறு நாள் வேலை முடித்த கையோடு, காலில் காய்ந்த மண்ணோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

"இவ்வகுப்பின் நிறைவில் கற்போர் தம் பெயரைப் பிழையின்றி எழுதும் திறன் பெறுவர்."



முன்வரிசை காசியம்மா மட்டும் மரியாதையாகக் கேட்டார். "ரேடியோ செய்தி முடிஞ்சிடிச்சுன்னா பாடத்தை ஆரம்பிக்கலாங்களா டீச்சரம்மா?"

எனக்குப் பொறுமை ரேஷன் அளவுதான். அதுவும் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

"பேரு எழுதணும்மா! அவங்கவங்க சிலேட்டுல அவங்கவங்க பேரு. தப்பில்லாம. அவ்ளோதான் இன்னிக்கு!"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பின்னால வேற எதுனா சேத்து வுட மாட்டீங்களே?"

"மாட்டேன்!"

காசியம்மா திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? நூறு நாள் வேலையாட்டம் அளந்து வுட்டுட்டாங்க. எறங்குங்கடி!"

இறங்கினார்கள். அப்படி ஒரு வேகம்! நோக்கத்தைத் தெளிவாகச் சொன்னால் வகுப்பு எப்படிப் பறக்கிறது பார் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். தன் பெயரை முடித்த காசியம்மா, பக்கத்து பொன்னியின் சிலேட்டை இழுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"பொன்னி பங்குங்க. அவளுக்குக் கை மெதுவு. நடவுல பின்தங்கினவ பங்கை நாமதான் நட்டுக் குடுப்போம். இல்லேன்னா எல்லாரும் எப்போ கரையேறுறது?"

"அவங்க பேரை அவங்கதான் எழுதணும்!"

"யாரு எழுதினா இன்னாங்க? பேரு அவளுதுதானே?"

பொன்னியும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "நான் எழுதறதைவிட இது நல்லாத்தான் இருக்குது."

பொன்னியின் சிலேட்டை அழிக்க நான் துணி தேடுவதற்குள் சிலேட்டுகள் மேஜையில் அடுக்கப்பட்டன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"வரோம் டீச்சரம்மா."

"எங்க?"

"வூட்டுக்குத்தான். அளந்து வுட்டதை முடிச்சா வூட்டுக்குப் போவ வேண்டியதுதானே!"

அறையில் மிச்சம் நான், சாக்பீஸ், பிழையில்லாத சிலேட்டுகள். அதிகாரி வர அரை மணிகூட இல்லை.

புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். என்னோடு ஒரு நாயும் ஓடியது. காரணம் கேட்காமல் கூட வந்த ஒரே ஜீவன்.

தண்ணிக் குழாயடியில் பிடித்தேன். "திரும்பி வாங்கம்மா!"

"முடிச்சவங்களை மறுபடி எறக்குறது ஞாயமாங்க?"

"அதிகாரி வர்றாரும்மா! யாரும் இல்லேன்னா செல்வி வகுப்பை மூடிடுவாங்க!"

காசியம்மா குடத்தைக் கீழே வைத்தார். "நம்ம செல்வி வகுப்பையா?"

"ஆமா!"

"அப்போ அவுரு வந்து பாக்கற வரிக்கும் நாங்க ஒக்காந்துகினு இருக்கணும். அதானே இன்னிக்கு வேலை?"

"அதேதான்!"

"இதை மொதல்லியே சொல்றதுக்கு இன்னாங்க? பேரு கீருன்னு சுத்திகினு!"

வந்துவிட்டார்கள். குழாயடியில் சும்மா நின்றிருந்த, வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரையும் காசியம்மா இழுத்து வந்து உட்கார வைத்தார்.

அதிகாரி வந்தார். நிறைந்த வகுப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னிக்குப் பாடத்தோட நோக்கம் என்னன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

நான் கண்ணால் போர்டைக் காட்டினேன். ஒருத்தரும் போர்டைப் பார்க்கவில்லை. மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது.

"நீங்க வந்து பாக்கற வரிக்கும் எழுந்திரிக்காம ஒக்காந்துகினு இருக்கறதுங்க!"

குழாயடிக்காரிகள் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸைப் பார்த்தேன்.

"பாத்துட்டீங்களாங்க?" என்றார் காசியம்மா.

"பார்த்துட்டேம்மா."

"அப்போ நாங்க வரோங்க."

ராத்திரி செல்வி போன் செய்தாள். மையத்தை மூடவில்லையாம். ஆனால், நோக்கத்தைத் தெளிவாகச் சொல்வது எப்படி என்று டீச்சருக்கு மூன்று நாள் பயிற்சி தரச் சொல்லிவிட்டாராம்.

பயிற்சி கல்வராயன் மலைமேல். நான் பேசிய தெளிவுக்கு செல்வி மலையேறுகிறாள்.