அப்பா வயித்துல தூங்குற புழுங்க

அன்புள்ள சர்தானா சித்திக்கு,

அப்பா என் புழுங்களைக் குடிச்சிட்டாரு சித்தி, மொத்தத்தையும், பால் விட்டு, டீயா!

நீங்க, சித்தப்பா, உங்க ஆஸ்பத்திரி நர்ஸக்காங்க எல்லாரும் சௌக்கியம்னு நம்புறேன். இங்க யாரும் சௌக்கியமா இல்ல.

போன செப்டம்பர்ல நம்ம உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணுலேர்ந்து கண்ணுக்கே தெரியாத குட்டிப் புழுங்களைத் தெளிஞ்ச தண்ணில பிரிச்சு, வாளியோட உறைய வச்சு, அந்தக் கட்டியை நிலவறைல, குடிதண்ணிக்கு வெட்டி அடுக்கியிருக்கற ஏரி ஐஸ் பக்கத்துலயே வச்சிருந்தேன், ஞாயித்துக்கிழமை என் சேனல்ல லைவா உருக்கி அதுங்களை எழுப்பிக் காட்டுறதா சொல்லியிருந்தேன், இன்னிக்குப் போய்ப் பாத்தா கட்டியைக் காணோம், மேல வந்தா அப்பா கெட்டிலைக் காலி பண்ணிட்டு உதட்டைத் தொடச்சிட்டிருக்காரு. அம்மா வேற பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஐயோ, என் புழுங்கன்னு அலறிட்டேன்.

அப்பா பயப்படுறதுல நியாயம் இருக்கு சித்தி, ஏன்னா மூணு மாசமா சாப்பாட்டு நேரத்துல நான் இதைத்தான் பேசுறேன். குளிர் ஏற ஏற அதுங்க உடம்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டு, காஞ்ச மீன் மாதிரி சுருங்கி, ஒருவித சர்க்கரையை உடம்புல சேத்துக்கிட்டு அப்படியே படுத்துடும், சிலது உடம்புக்குள்ளயே ஐஸ் பிடிச்சாலும் பொழைச்சுக்கும், சூடு பட்டதும் எழுந்து நெளியும்னு நான்தான் கதை கதையா அளந்தேன்.

இப்ப அவரு வெளித் தாழ்வாரத்துல போய் உக்காந்துட்டாரு. அங்க அடுப்பு கிடையாது. வெளிய மைனஸ் நாப்பத்தெட்டு. உள்ள வாங்கப்பான்னு கெஞ்சினா, "குளிர்ல தூங்கும், சூட்டுல முழிக்கும்னு நீதானடா சொன்ன. தூங்கட்டும் விடு"ங்கறாரு.

கொதிச்ச தண்ணில அதுங்க பொழைக்காதுப்பான்னேன்.

"குளிர்லயும் பொழைக்காதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன்."

அவரு புருவமெல்லாம் வெள்ளையாயிடுச்சு சித்தி. மூக்கு நுனியும் வெளுத்துட்டு வருது, தொட்டா உணர்ச்சி இல்லைங்கறாரு, அதுலயும் ஒரு சந்தோஷம், புழுவுக்கும் அப்படித்தான் இருக்கும்னு. நான் போர்த்தின கம்பளியைத் தூக்கி எறியுறாரு. அவரு இந்த உலகத்துல நம்புறது உங்க பேச்சு ஒண்ணைத்தான். இதைப் பாத்ததும் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, கொதிச்சா செத்துடும்னு நர்ஸ் குரல்ல, அதட்டலா.

உங்க வீட்டு அடுப்பு அணையாம எரியட்டும், மாடுங்க பால் குறையாம கறக்கட்டும், எங்கப்பா மூக்கு விழாம இருக்கட்டும்.

இப்படிக்கு
உங்க எர்ச்சிம்

பி.கு: மேல எழுதினதையெல்லாம் விட்டுடுங்க. அம்மா வந்துட்டா. என் கட்டியை நேத்தே உருக்கிக் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டிட்டாளாம், அப்பா குடிச்சது சுத்தமான ஏரி ஐஸாம். அப்பா சிரிச்சுக்கிட்டே உள்ள வந்து அடுப்புக்கிட்ட உக்காந்தாரு, மூக்கும் செவந்துடுச்சு. அப்புறம் மெதுவா என்னைத் திரும்பிப் பாத்து, "ஏன்டா, ஏரி ஐஸ்ல என்னடா இருக்கும்?"னாரு. பதில் எனக்குத் தெரியும், ஏரிலயும் அதே மாதிரி புழுங்க உண்டு. நான் வாயைத் திறக்கல, ஆனா என் மூஞ்சியைப் பாத்துட்டாரு. அந்த வாய்ஸ் மெசேஜை உடனே அனுப்புங்க சித்தி, உங்க டாக்டரையும் பேசச் சொல்லுங்க, ஆஸ்பத்திரில யார் யார் இருக்காங்களோ எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொண்ணு அனுப்பச் சொல்லுங்க, அவரு மறுபடி தாழ்வாரத்துக்குப் போக பூட்ஸை மாட்டுறாரு.