செத்துப்போன சட்டைக் கம்பெனிகளின் பங்காளி

காலர் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பத்துப் பதினைந்து சட்டைக் கம்பெனிகளுக்குச் சொந்தக்காரராகத் திரிந்த ஒரே ஆசாமி உலகத்திலேயே நாங்கள் 'சேர்மன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அண்ணன்தான். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வாடகை வீட்டில் அடுத்தடுத்த அறை எங்களுக்கு. அவருக்குப் புடவைக் கடையில் வேலை. சம்பளத்தில் சாப்பாடு போக மீதியெல்லாம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பழைய தபால்தலை விற்கும் சீனரிடம் போய்விடும்.

வாங்குவது தபால்தலை அல்ல, பங்குப் பத்திரம். அதுவும் இங்கிலாந்தில் என்றைக்கோ இழுத்து மூடிய கோட்டு, காலர், கால்சட்டைக் கம்பெனிகளின் பத்திரம். ஓரமெல்லாம் பூவேலை, நடுவில் புகைபோக்கி வைத்த ஆலை, கீழே யாரோ ஒரு துரையின் கையெழுத்து. "செல்லாத காகிதம்ணே" என்றால் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

"பங்கு இருக்குல்ல? அப்ப நான் பங்காளிதான்லா!"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனால், மனுஷன் தாடியும் பழைய கைலியுமாக உட்கார்ந்திருக்கிறார்.

"இந்த வருஷம் எனக்குப் பண்டிகை இல்ல தம்பி. காலர் கம்பெனி போயிருச்சு."

"எப்பண்ணே?"

"ஜப்பான்காரன் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. பங்காளி செத்த வருஷம் எவனாவது தீபாவளி கொண்டாடுவானா?"

முறுக்கை நானே தின்றேன்.

நாற்பதை நெருங்கும்போது கிள்ளானில் ஒரு பெண் அமைந்தது. சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை. "இதுவும் தவறிப்போச்சுன்னா நான் இப்படியே கிடக்க வேண்டியதுதான் தம்பி" என்று பஸ் முழுக்கப் புலம்பினார். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பெண் பார்க்கக் கூடப் போனது நான் ஒருவன்தான்.

பெண்ணின் அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். "பங்காளிங்க யாரும் வரலியா? ஆளே இல்லாத எடத்துக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கிறது?"

சேர்மன் சட்டென்று பையைத் திறந்து பத்திரங்களை மேசைமேல் பரப்பினார். "இவங்கதான் அங்கிள்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். போச்சுடா என்று நினைத்தேன். அதற்குள் காலர் கம்பெனிப் பத்திரம் என் கைக்கு வந்திருந்தது.

"இந்தா தம்பி, இனிமே நீயும் பங்காளி. சொல்லுலா!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஆமாங்க, நான் இவரோட பங்காளி" என்றேன்.

உள்ளே பெண் சிரித்துவிட்டாள். "காலரை நான் தச்சுக்கிறேன்னு சொல்லுங்கப்பா" என்று குரல் வந்தது. அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

பிறகு சேர்மன் காலர் கிழிந்து யாரும் பார்க்கவில்லை. போன வருஷம் மாரடைப்பில் போனபோதும், அந்த அம்மா தைத்த சட்டையோடுதான் அனுப்பிவைத்தோம்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி, "செத்தவரு உங்களுக்கு என்ன சொந்தம்?" என்று கேட்டார்.

"பங்காளி" என்றேன்.