விசாலம் மட்டும் நுழையலாம்

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே இருக்கிறது. முதலில் அந்த விளையாட்டைச் செய்தவன்கள். அடுத்து என் அத்திம்பேர். கடைசியாக, பிரம்மச்சாரியாகத் தம்பானூர் லாட்ஜில் லுங்கியோடு உட்கார்ந்து ராஜாங்கம் நடத்திய மேதாவி, அதாவது நான்.

அது ஊர் அமைக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு. ஏதோ ஒரு கிரகத்தில் சில பேரை இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கு வீடு, வயல், அடுக்களை எல்லாம் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். பசித்தால் அழுவார்கள், கோபம் வந்தால் சுவரை இடிப்பார்கள். (நம் குடும்பமேதான்.) அதனால் எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் பெயரையே வைத்திருந்தேன். சமையலுக்கு என் அக்கா விசாலம். சாணி அள்ள அவள் கணவர், அத்திம்பேர். அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை என்று அதைத் தொடாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

அத்திம்பேர் சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் செய்கிற எதையும் அவர் பாராட்டியதில்லை. இந்த விளையாட்டைப் பார்த்து, "இதுக்கு ஒரு டிகிரி வேற" என்றவர். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு "பரவாயில்லை" வாங்கிவிட வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், கரமனையில் அவர் வீட்டு டிவியில் என் லேப்டாப்பைச் சொருகினேன்.

"பாருங்கோ அத்திம்பேர். ஒருத்தர்கூடச் சாகாம நடத்தின ஊராக்கும்."

"நான் எங்கேடா?"

அப்போதுதான் எனக்குச் சாணி ஞாபகம் வந்தது. திரையில் அத்திம்பேர் கூடையோடு நடந்துகொண்டிருந்தார்.

"அது உரமாக்கும். விவசாயத்துக்கு ரொம்ப முக்கியம்."

"சாரமில்லை, போகட்டும். அள்ளட்டும்," என்றார். முகம் மட்டும் இறுகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசையில் ஒன்றுமில்லை என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. சமையல்காரி தூங்குகிறாள், அவ்வளவுதான் விஷயம். எழுந்தால் பரிமாறுவாள். ஆனால் விளையாட்டையே மறந்துபோன எனக்கு அது பஞ்சமாகத் தெரிந்தது. அக்காவை எழுப்பி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அரிசி வாங்க அனுப்பினேன். பேரம் பேசுவதில் அவளுக்குத்தான் அதிக மார்க்.

"அது வாஸ்தவம்," என்றாள் நிஜ அக்கா, பெருமையாக.

கொஞ்ச நேரத்தில் ஊரே அடுக்களை வாசலில் கூடி நின்றது. யாரும் உள்ளே போகவில்லை.

"டேய், உள்ள பாத்திரம் பாத்திரமா சாதம் இருக்கே. ஏன் வெளியில நிக்கறா?" என்றாள் அக்கா.

கதவின்மேல் அம்புக்குறியை வைத்தேன். 'விசாலம் மட்டும் நுழையலாம்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"யார் போட்ட சட்டம்?" என்றார் அத்திம்பேர்.

எல்லாம் அந்த லாட்ஜ் மேதாவிதான். சேற்றுக்காலோடு அடுக்களைக்குள் போனால் விளையாட்டில் எல்லோருக்கும் வாந்தி வரும். அதைத் தடுக்க, அக்கா வீட்டு மடிச் சட்டத்தை அப்படியே அமல்படுத்தியிருந்தேன். அவள் அடுக்களையில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. அத்திம்பேரே காபிக்கு வாசற்படியில் நின்றுதான் குரல் கொடுப்பார்.

சரி, பூட்டைத் திறந்தால் தீர்ந்தது. பழைய பொத்தானை அழுத்தினேன். கட்டில்கள் எல்லாம் பிரிந்து விழுந்தன. பதறிப்போய், ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஆட்டம் இரண்டு மடங்கு வேகமெடுத்தது. நான் இல்லாத வருடங்களில் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் இடம் மாற்றித் தொலைத்திருக்கிறான்கள். யாரைக் கேட்டு மாற்றினான்கள்? ஆத்திரத்தில் லேப்டாப்பை ஓங்கி ஓர் அறை விட்டேன். அதற்கும் ஏதோ ஒரு சுவர் இடிந்தது.

ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். கடைசி ஆள் அத்திம்பேர். கூடையைக் கீழே வைக்காமலே போனார்.

"கதவுக்கு அந்தப் பக்கம் சாதம், இந்தப் பக்கம் என் பிணம். எந்தாடா இது?" என்றார் நிஜ அத்திம்பேர்.

அப்போது திரையில் அக்கா அரிசி மூட்டையோடு திரும்பி வந்தாள். எல்லோரையும் தாண்டிப் போனாள். கதவைத் திறந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் மனநிலையை விளையாட்டு பக்கத்திலேயே காட்டியது: கணவர் இறந்தார், வருத்தம். நல்ல சாப்பாடு, சந்தோஷம். மொத்தத்தில், திருப்தி.

அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அத்திம்பேர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அவளையே பார்த்தார்.

"திருப்தியாக்கும்?" என்றார். எழுந்தார். நேராக அடுக்களைக்குள் போனார். தானே காபி போட்டு எடுத்து வந்தார். வாயில் வைக்க வழங்கவில்லை. பயத்தில் நானும் அக்காவும் குடித்தோம்.

நான் வீட்டுக்குப் போன கையோடு விளையாட்டை அழித்துவிட்டேன். ஆனால் கரமனை அடுக்களையில் அன்று விழுந்த கால் பின்வாங்கவில்லை. இப்போது அத்திம்பேர் தோசையே வார்க்கிறார். போன மாதம் அக்கா விதுராவிலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னாள்.

"கதவு திறந்துதான் இருக்கு. நான் வரதுக்குள்ள செத்துடாதேங்கோ."

அவள் போனதும் அத்திம்பேர் எனக்கு ஒரு தோசை வைத்தார். தானும் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார்.

"பரவாயில்லை," என்றார், தோசையைப் பார்த்து.