நடுப்படி இல்லாத பிரசங்கம்

ஏதென்ஸில் தத்துவப் பள்ளி நடத்தும் மதிப்பிற்குரிய அண்ணன் எபிஜெனிஸ் அவர்களுக்கு, அலெக்ஸாந்திரியாவிலிருந்து தம்பி அகதோக்ளிஸ் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்துக்காக செராபிஸ் கோயிலில் தினமும் வேண்டிக்கொள்வேன். கிறிஸ்தவர்கள் அந்தக் கோயிலை இடித்துவிட்டதால் இப்போது துணிப்பெட்டிக்குள் இருக்கும் சிறிய சிலையிடம் வேண்டிக்கொள்கிறேன்.

நான் கிறிஸ்தவனாகிவிட்டதாகக் கப்பல்காரர்கள் சொன்னார்களாம். உண்மையானால் உங்கள் பள்ளியில் ஆசிரியர் வேலை எனக்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அந்த வேலை ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கை. என் வகுப்புக்கு இப்போது பெஞ்சுகள் மட்டும்தான் தவறாமல் வருகின்றன. நடந்தது இவ்வளவுதான். என் பழைய மாணவன் செராப்பியன் இப்போது அவர்களுடைய குரு. இரவல் வாங்கிப்போன பிளேட்டோ சுருளைத் திருப்பிக் கேட்கத்தான் அவர்களுடைய ஆலயத்துக்குப் போனேன், அவன் பிரசங்கத்தில் இருந்தான், சரி முடியட்டும் என்று தூணோரம் நின்றேன். ஆன்மா சாகாது என்று நிரூபிக்கிறானாம். "உடம்பு அசையுது. அசைக்கிறது ஆன்மா. அதனால ஆன்மாவுக்குச் சாவு கிடையாது!" என்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "டேய், நடுப்படியை விட்டுட்டியேடா! தானா அசையறது ஒருநாளும் ஓயாதுன்னு முதல்ல சொல்லணும்டா, அப்புறம்தான் முடிவுக்கு வரணும்!" என்று கத்திவிட்டேன். உடனே முந்நூறு பேரும் எழுந்து தட்டிய தட்டில் புறாக்கள் பறந்துவிட்டன. செராப்பியன் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "வாத்தியாரே, இதைச் சொல்ல நீங்க வரணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றான். நான் அழுதுவிட்டேன். பக்தியில் அல்ல, அண்ணா. நான் பேசி நாலு பேர் கேட்டு ஆறு வருடமாயிற்று.

அந்தக் கண்ணீரைத்தான் ஊரே தப்பாக எடுத்துக்கொண்டது. இத்தனை நாள் நாறியதை என் தலையில் கட்டிய மீன்காரி எய்ரீனே, "என்ன வாத்தியாரே, நீங்களும் நம்ம பக்கம் வந்துட்டீங்களாமே! இருங்க, உள்ள நல்ல மீன் இருக்கு" என்கிறாள். அப்படியில்லை என்று மறுத்தால் கல்லெறிவார்களோ என்று பயம். மறுக்காவிட்டால் உங்கள் கோபம். நமது தேவர்கள் அறிய, நான் ஞானஸ்நானம் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். அந்தப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன். என்னை நம்பி அந்த வேலையைக் கொடுங்கள். தனியாகச் சுவரோடு வாதாட இனி என்னால் முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. மிச்சமிருக்கும் தேவர்கள் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
அகதோக்ளிஸ்

பின்குறிப்பு: செத்த உடம்பு எழுந்து வரும் என்று செராப்பியன் வரும் ஞாயிறு நிரூபிக்கப் போகிறானாம். சுத்த அபத்தம். எந்தத் தத்துவவாதியும் ஒத்துக்கொள்ள மாட்டான். முன்வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான். நடுப்படியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.