கிட்னியென்றால் ஊருக்குச் சொல்லலாம்

மக்கீன் ஹாஜியாருக்கு அவசரமாக ஒரு கிட்னி தேவைப்படுகிறது என்று ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது, மக்கீன் ஹாஜியார் அதே பள்ளியின் மலசலகூடத்துக்குள் இருந்தார்.

ஓடிப்போய் மறுக்க மனம் துடித்தது. எழும்ப வயிறு விடவில்லை. ஊரே ஒன்றுகூடி அவருக்காகத் துஆக் கேட்டது. அந்த இடத்திலிருந்து ஆமீன் சொல்லவும் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உண்மையில் அவருடைய கிட்னியில் ஒரு குறையும் இல்லை. குறை பெருங்குடலில். அழற்சி என்று வைத்தியர்கள் பெயர் சொன்னார்கள். அடங்குவதும் எழும்புவதுமாக அது அவரைச் சில வருடங்களாக ஆட்டிப்படைத்தது. திகனயில் துணிக்கடை வைத்திருக்கும் மனிதர். கண்டிக்குப் போகும் பாதையில் எந்தப் பெற்றோல் செட்டில் மலசலகூடக் கதவு பூட்டும், எந்தப் பள்ளியில் தண்ணீர் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரே மகள் இல்மாவின் நிக்காஹ் நெருங்கிவிட்டது. பெண்ணின் பொறுப்பாளரான வலீயாகச் சபை நடுவே உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டியவர் அவர். அந்த நேரம் பார்த்து வயிறு முறுக்கினால்? அவர் எழும்பி ஓடினால் தகப்பன் வழியில் அடுத்து அந்த இடத்துக்கு உரியவன் தம்பி இப்திகார். மதிலோரம் நின்ற பலாமரத்தை யார் வெட்டச் சொன்னது என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு எத்தனையோ காலம். பக்கத்து வீடுதான். ஸலாம்கூட இல்லை.

கண்டியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில்தான் நம்பிக்கை கிடைத்தது. வைத்தியர் சண்முகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்து விளக்கினார்.

“எங்கட குடலுக்குள்ள கோடிக்கணக்கில நுண்ணுயிர் குடியிருக்குது. அதில நல்லது குறைஞ்சு, ஒழுங்கு குழம்பிப்போனா, உடம்பே தன்ர குடலோட சண்டை பிடிக்கத் தொடங்கும்.”

சுகமான ஒருவரின் மலத்திலிருந்து அந்த நுண்ணுயிர்களை எடுத்து, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பதுதான் ஆய்வு. வேறு வீட்டில் உண்டு உறங்கும் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். ஆய்வு எப்படி நடக்கும் என்று வைத்தியர் அடுத்துச் சொல்லத் தொடங்கியபோது மக்கீனுக்கு வயிறு கூப்பிட்டது. எழுந்து ஓடினார். திரும்பி வந்தபோது எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் விளங்கியதா என்று வைத்தியர் கேட்டார். மறுபடி சொல்லும்படி கேட்க வெட்கப்பட்டு அவரும் தலையாட்டினார்.

வினை வீட்டில்தான் தொடங்கியது. மனைவி மஸாஹிராவிடம், சொந்தத்தில் ஒருவர் உடம்பிலிருந்து ஒன்று கொடுத்தால் தனக்குச் சுகமாகும் என்று மட்டும் சொன்னார். எது என்று சொல்ல நா எழவில்லை. மஸாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னாள். தங்கை புருசனிடம் சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அது கிட்னிதான். அதைப் பள்ளியில் அறிவிப்பதும் வழக்கம்தான். எல்லாம் வழக்கப்படி நடந்தது.

மக்கீன் பள்ளி நிர்வாகத்திடம் போய்த் தனக்குக் கிட்னி வேண்டாம் என்றார். ஹாஜியார் வாழ்க்கையை வெறுத்துவிட்டார் என்று முடிவுகட்டி, அடுத்த வெள்ளி இன்னும் நீளமாகத் துஆக் கேட்டார்கள். ஆரோக்கியத்தைக் காட்டலாம் என்று நாள் முழுக்கக் கடையில் நின்றார். அடிக்கடி பின்பக்கம் ஓடுவதைப் பார்த்தவர்கள், நோய் முற்றிவிட்டது என்று உச்சுக்கொட்டினார்கள். வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். கஞ்சி, பப்பாசி, வட்டிலாப்பம் என்று அயலவர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் முகத்துக்காக ஒரு வாயாவது சாப்பிடாமல் எப்படி அனுப்புவது? ஊரின் அன்பு முழுவதும் அந்தப் பழுதான குடல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வயிறு இன்னும் கெட்டது.

அப்படியொரு மாலையில் இப்திகார் வந்தான். கதிரையில் உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

“ஏன்ட கிட்னிய எடுத்துக்கோங்க நானா. ஸ்கேன் எல்லாம் செஞ்சிட்டுத்தான் வந்தீக்கிறேன்.”

அண்ணனுக்கான அந்த ‘நானா’வை மக்கீன் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. ஒரு மரத்துக்காக இவனையா இத்தனை காலம் ஒதுக்கிவைத்தோம் என்று வெட்கமாயிருந்தது. இவனிடம் பொய் சொல்ல ஏலாது என்று, தேவைப்படுவது என்ன என்பதைக் காதருகே சொன்னார்.

இப்திகார் இப்போது கதிரையில் உட்கார்ந்தான்.

“கிட்னியெண்டா ஊருக்குச் சொல்லலாம் நானா. இத எப்பிடிச் சொல்ற?”

எழுந்து போய்விட்டான். அவ்வளவுதான், வந்த தம்பியும் போனான் என்று மக்கீன் நினைத்தார். மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது வேனோடு கேட்டடியில் நின்றான். யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டும்தான் அவன் போட்ட நிபந்தனை. வழியில் அண்ணன் கேட்ட இடத்திலெல்லாம் வேனை நிறுத்தினான். ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு கதவுக்கு வெளியே காவல் நின்றான். உள்ளே மக்கீன் சத்தமில்லாமல் அழுதார்.

ஆராய்ச்சிப் பிரிவில் தாதி சுகிர்தா, ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளை, இருவருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாள். தம்பியுடையது தானத்துக்கு, தன்னுடையது ஏதோ பரிசோதனைக்கு என்று மக்கீன் எண்ணிக்கொண்டார். பிறகு குழாய் வைத்தார்கள். வாராவாரம் போய்வந்தார்.

மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் தடுமாறாமல் சொல்லி, குத்பா முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாட்சியாக இப்திகார். அதைவிடப் பெரிய நிம்மதியை அவர் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

யாருக்கும் தெரியக்கூடாது என்ற இப்திகாரின் நிபந்தனை வலீமா சாப்பாடுவரைதான் தாங்கியது. அண்ணன் குடலைத் தானே காப்பாற்றியதாக முதலில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னான். பிறகு பஸ் நிலையத்திலும் சொன்னான். அண்ணன் கொத்து ரொட்டிக்குக் கை நீட்டினால் தட்டை நகர்த்தினான்.

“அது வாணாம் நானா. உள்ளுக்கு ஈக்கிற ஏன்ட ஆக்களுக்கு அது பழக்கமில்ல.”

மக்கீன் இடியப்பம் சாப்பிட்டார். உயிர் கொடுத்தவன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். மதிலை இடித்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கேட் வைத்தார்கள். இரவுச் சாப்பாடு இப்போது ஒரே வீட்டில்.

ஆய்வு முடிந்துவிட்டது, கடைசியாக ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று அழைப்பு வந்தது. மக்கீன் சுகிர்தாவுக்கு ஒரு சட்டி வட்டிலாப்பம் கொண்டுபோனார். வழியில் ஓரிடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. இப்திகார் கீழே வேனுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் மேலே வருவதற்குள் சுகிர்தாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று மக்கீன் குரலைத் தாழ்த்தினார்.

“மகள், இந்த வயித்து வருத்தம் திரும்பி வந்தாலும் வரும். தம்பி குடுத்ததுல கொஞ்சம் மிச்சம் ஈக்கிதா?”

சுகிர்தா கணினியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“முழுசாவே இருக்குங்க மொதலாளி, வித்தியாசம் தெரியணும்னு பாதிப் பேருக்கு அவங்கவங்களோடதையேதான் திருப்பிக் குடுப்போம்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரே, நீங்க அந்தப் பாதி.”