வெள்ளை நாய்க்கு வைத்த பொட்டு

அழகான ஒன்றைக் கண்டவுடன் எனக்கு ஏன் பயம் வருகிறது? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றுவரை விடை தெரியவில்லை. முழுநிலவைக் கண்டால் என் கணவர் பாடத் தொடங்குவார். நானோ பனி விழுகிறதே, பிள்ளைக்குத் தொப்பி போட்டோமா என்று தொட்டுப் பார்ப்பேன். (அவருடைய பாட்டைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும்; அது வேறு விஷயம்.) இந்தக் குணத்தால், இரத்தினபுரியில் ஒரு நாள், நூற்றுக்கணக்கான நாய்களும் அவற்றின் எசமானர்களும் பார்த்திருக்க, நான் செய்த காரியத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

என் கணவர் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த எனக்குக் கிடைத்த வீடு, ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்துக்குப் பக்கத்து வீடு. அந்தப் புகை ஓய்வதேயில்லை. எங்கள் சோறும் தலையணையும் சாமிப் படமும் ஒரே வாசனை வீசின. பத்து மாதமான என் மகள் இருமத் தொடங்கினாள். மேட்டில், நல்ல காற்றில், ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு என் கணவர் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு மூன்று விண்ணப்பம் எழுதினார். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: "நாய்க் கண்காட்சி முடியட்டும், பார்க்கலாம்."

துரையிடம் பிரின்ஸ் என்று ஒரு நாய் இருந்தது. புல் டெரியர் சாதி. மூக்கு நுனியையும் கண்களையும் தவிர எல்லாம் பாலைப் போன்ற வெள்ளை. லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அதை 'ரெண்டாவது சின்னத்தொரை' என்பார்கள். (முதலாவது சின்னத்துரையான துரையின் உதவியாளருக்கு இது தெரியாது.) முந்திய வருடம் அது எங்கேயோ தோற்றுவிட்டு வந்தபோது, ஒரு மாதம் தோட்டத்தில் யாருக்கும் லீவு கிடைக்கவில்லையாம். ஆகவே மேட்டு வீடும் என் பிள்ளையின் நெஞ்சும் அந்த நாயின் நான்கு கால்களில் நின்றன. ஒரு நாய்க்காகக் கோயிலில் அர்ச்சனை செய்யலாமா என்று பூசாரியிடம் கேட்க வெட்கமாயிருந்தது. வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டேன். அதன் நட்சத்திரம் தெரியாததால் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

கண்காட்சிக்கு உத்தியோகத்தர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று துரையின் மனைவியான துரைசானி சொல்லியனுப்பினார். இருமும் பிள்ளையைக் கொண்டுபோகலாமா, விட்டுவிட்டுப் போகலாமா, போகாமலே இருக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சின்ன ரயிலில் அவிசாவளை போய், அங்கே மாறி இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த மைதானத்தை நான் எப்படிச் சொல்ல! அதுவரை எனக்குத் தெரிந்த நாய்கள் இரண்டு வகை: கடிக்கும் நாய், கடிக்காத நாய். இங்கே வெள்ளைக் கூடாரங்களுக்குள் நீண்ட மரத்தட்டுகளில், வைக்கோல் மெத்தையில், இலக்கமிட்ட அட்டைகளுக்குக் கீழே நாய்கள் வீற்றிருந்தன. கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று. கம்பளம் என்று நினைத்து நான் தாண்டப் போனபோது எழுந்து நின்ற ஒன்று. மான் போல மெலிந்து, தரையில் கால் படுவதே அவமானம் என்பது போல நடந்த இரண்டு. ஒரு வெள்ளைக்கார அம்மா தன் நாயின் மீசையைச் சின்னச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். என் கணவரின் மீசைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நாய் என் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தது. நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். கடவுள் இத்தனை வடிவங்களைச் செய்து, அத்தனைக்கும் நாய் என்று ஒரே பேர் வைத்துவிட்டாரே என்று வாய் திறந்தபடி நின்றேன்.

என் கணவர் துரையின் காகிதங்களோடு போய்விட்டார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரின்ஸ் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். நாயைப் பார்த்துக்கொள்ளும் வீரையா துவாலையும் கையுமாக நின்றான்.

"வாங்க கிளாக்கரம்மா! பாத்தீங்களா நம்ம சின்னத்தொரைய? காலையிலேர்ந்து மூணு தடவ குளிப்பாட்டியிருக்கேன். நான் குளிச்சுத்தான் மூணு நாளாச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் இங்க நின்னுக்குங்கம்மா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துடுறேன்."

"ஐயோ, எனக்கு நாய் பழக்கமில்லையே, வீரையா!"

"அது ஒண்ணும் செய்யாதுங்க. நீங்களும் ஒண்ணும் செஞ்சிறாதீங்க!" என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

அவன் போனதும் கூட்டம் வந்தது. முதலில் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர், இரத்தினக்கல் வியாபாரி. பிரின்ஸைக் குனிந்து பார்த்தார். பழக்கதோஷத்தால் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, பின்பு தானே சிரித்து உள்ளே வைத்தார்.

"நாப்பது வருஷமாக் கல்லுப் பாக்கிறன் மகள். எந்தக் கல்லிலயும் எங்கயாச்சும் ஒரு கீறல், ஒரு புள்ளி இரிக்கும். இதில ஒண்டுமே இல்லையே! மாஷா அல்லாஹ்!"

அவருக்குப் பின்னால் நின்ற சிங்கள ஐயா ஒருவர் "ஹரிம லஸ்ஸனாய்!" என்று தன் பாஷையில் அழகைப் புகழ்ந்து கையைத் தட்டினார். ஒரு துரைசானி ஆங்கிலத்தில் பெருமூச்சு விட்டார். ஆக, நாலு பாஷையில் நாவூறு! (தோட்டத்தில் 'கண்ணு பட்டுரும்' என்பதை நாங்கள் யாழ்ப்பாணத்தில் நாவூறு என்போம்.) பிரின்ஸோ, ஊர்க் கண்ணெல்லாம் தன் மேல் விழ, ஒரு பாதுகாப்பும் இல்லாமல் பளபளவென்று நின்றது.

என் பிள்ளையின் பையில் பொட்டுச் சிரட்டை இருந்தது. சவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சிச் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்த கறுத்தப் பொட்டு. விரலை நனைத்துத் தேய்த்துக் குழந்தையின் கன்னத்தில் வைப்போம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் நான் மேட்டு வீட்டை நினைக்கவில்லை. இவ்வளவு அழகான உயிருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். (இல்லை, வீட்டையும் கொஞ்சம் நினைத்தேன்.) பிரின்ஸின் கன்னத்தில் மிளகளவு வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அது என் மணிக்கட்டை நக்கியது, விரல் வழுக்கியது. பொட்டு ஒரு சதக் காசளவு விழுந்துவிட்டது.

உடனே மணி அடித்தது. வீரையா வாயைத் துடைத்தபடி ஓடிவந்து, சங்கிலியைப் பிடித்து நாயைக் கூட்டிக்கொண்டு போனான். பொட்டு மற்றப் பக்கக் கன்னத்தில் இருந்ததால் அவன் கண்ணில் படவில்லை.

கயிறு கட்டிய வட்டத்துக்குள் எட்டு வெள்ளை நாய்கள் வரிசையாக நின்றன. நடுவராக வந்த நரைத்த துரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிரின்ஸிடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. சுற்றி வந்தார். மலர்ச்சி நின்றது. குனிந்தார். பெருவிரலை நனைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார். பிறகு எங்கள் துரையைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

இதற்குள் என் கணவர் என்னருகே வந்துவிட்டார். "என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"முகத்திலை கறுப்பு இருக்காம். சுத்த வெள்ளை இல்லாட்டித் தள்ளிப்போடுவினம். அது பூசின கறுப்பெண்டால் இன்னும் மோசம், அது களவு! துரையின்ரை பேரே போச்சு. எந்த விசரன் செய்த வேலையோ!"

"இஞ்சாருங்கோ," என்றேன், "நான்தான். நாவூறு படுமெண்டு..."

அவர் கண்ணை மூடினார். சாமி கும்பிடும்போதுகூட அவ்வளவு நேரம் மூடியதில்லை. "பேசாமல் நில்லும். ஆருக்கும் தெரியாது. வாய் திறவாதையும்."

நான் கணவர் சொல்லைத் தட்டாதவள். பேசாமல்தான் நின்றேன். ஆனால் வட்டத்துக்குள் துரை வீரையாவைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, "மாரியாத்தா சத்தியமா நான் இல்லீங்க தொரை! எம் புள்ள மேல சத்தியம்!" என்று அழுதான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். வாய் திறந்தால் என் பிள்ளைக்கு வீடு போகும். திறக்காவிட்டால் அவன் பிள்ளைகளுக்குச் சோறு போகும். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிப்பதே தொழிலான நான் அன்று யோசிக்காமல் கயிற்றுக்குக் கீழே குனிந்தேன். கயிற்றில் கொண்டை மாட்டி அவிழ்ந்தது. பிள்ளை வீரிட்டாள். மற்ற ஏழு நாய்களும் திரும்பிப் பார்த்தன. பிரின்ஸ் மட்டும் திரும்பவில்லை. கல்லில் செதுக்கினது போல நின்றது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அத்தனையும் எங்கேயோ ஓடிவிட, மிஞ்சியதை வைத்துச் சொன்னேன்: "நான் வைத்தேன், சேர். பொறாமைக் கண் படாமலிருக்க. பாருங்கள், என் பிள்ளைக்கும் இருக்கிறது."

நடுவர் என் மகளின் முகவாயைப் பிடித்து, நாயைப் பார்த்தது போலவே முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரின்ஸின் கன்னத்தைப் பார்த்தார். "இரண்டும் ஒரே கைவேலை," என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அழுத வேகத்தில் பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவேயில்லை.

எங்கள் துரை திரும்பி, "இது என்ன இருமல்?" என்று கேட்டார்.

உண்மை சொல்லத் தொடங்கினால் எனக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது. "புகைக்கூடம், சேர்," என்றேன்.

கயிற்றுக்கு அப்பால் என் கணவர் துரையின் காகிதங்களால் முகத்தை மூடிக்கொண்டார்.

கள்ளன் புள்ளியை மறைப்பானே தவிர வைக்கமாட்டான் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். வீரையா தப்பினான், துரையின் பேரும் தப்பியது. பொட்டைத் துடைக்கச் சொன்னார்கள். சோப்பு, துவாலை, துரையின் பட்டுக் கைக்குட்டை எல்லாம் முயன்றன. எங்கள் வீட்டுப் பொட்டு அப்படியெல்லாம் போகாது. அது பரவி, பாதிக் கன்னம் மழைமேகமாகி, பிரின்ஸ் பல்வலிக்காரனைப் போல ஆகிவிட்டது. அந்த நிலையிலும் அது அசையாமல் நின்ற அழகைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது. இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதற்பரிசு வாங்கிய நாய், என் கண்ணுக்குப் பன்றிக்குட்டி போலிருந்தது.

வெளியே வந்தபோது அந்தக் கல் வியாபாரி காத்திருந்தார். "ஏன் மகள் இந்தப் பாடு? மாஷா அல்லாஹ் எண்டு சொல்றதே கண்ணூறு படாம இருக்கத்தானே! நான் முதல்லயே காவல் போட்டுட்டேனே!" என்றார்.

ரயிலில் என் கணவர் அவிசாவளைவரை வெளியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார். அவிசாவளையில் "பிள்ளைக்குப் பசிக்குதோ பாரும்" என்றார். அவ்வளவுதான். என் கணவருக்கு வேலை போய்விடுமோ என்று அடுத்த சில நாள் நான் பெட்டியைக் கட்டுவதா, வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டத்தான் வேண்டியிருந்தது. புதன்கிழமை துரை மேட்டு வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுத்தனுப்பினார். கூட ஒரு வரி: பிள்ளையை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மாற்றவும். வீரையாதான் எங்கள் பெட்டிகளைத் தலையில் சுமந்து மேட்டுக்கு ஏறினான். "இனிமே தேத்தண்ணி குடிக்கப் போறப்ப நாயையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன் கிளாக்கரம்மா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

இது நடந்து மூன்று வருடம். மகளின் இருமல் போய்விட்டது. ஆனால் யார் எதைப் புகழ்ந்தாலும், அது பலாக்காய்க் கறியானாலும், என் கணவர் "சிரட்டையை எடும்!" என்கிறார். மூன்று விண்ணப்பத்தால் முடியாததை ஒரு பொட்டு முடித்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். லயத்துப் பெண்கள் ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுக்கும் ஒண்ணு வைங்கம்மா," என்று சிரிக்கிறார்கள்.

இப்போது ஒரு புதிய சிக்கல். போன வாரம் துரைசானி கடிதம் அனுப்பியிருக்கிறார். பிரின்ஸின் குட்டி அடுத்த மாதம் கண்காட்சிக்குப் போகிறதாம். பொட்டு வைக்கப்பட்ட நாளிலிருந்து பிரின்ஸுக்கு ஒரு நோயும் வரவில்லையாம். ஆகையால் குட்டிக்கும் நானே வந்து வைக்க வேண்டுமாம். நடுவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து.

நடுவரோ காதுக்குள் பார்க்கிறார், பல்லைப் பார்க்கிறார், உள்ளங்காலையும் தூக்கிப் பார்க்கிறார். அவர் பார்க்காத இடத்தில் வைத்தால் பொறாமைக் கண்ணும் பார்க்காது. கண் பார்க்காத பொட்டால் என்ன பயன்? பிள்ளை வளர்த்தவர்களும் நாய் வளர்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். வால் நுனி என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதை என் கணவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், அது ஓரிடத்தில் நிற்பதில்லை.